இரண்டு நொடி மரியாதை

அக்டோபர் 6, ஞாயிறு

இன்றைக்கும் நான்தான். இந்த வருடம் நடந்த நான்கு பந்தயங்களில் மூன்றில் முதலிடம், ஒன்றில் மட்டும் இரண்டாவது. நாளைக்கு எங்கள் கார் கிளப்பின் வரலாற்றை யாராவது எழுதுவார்கள். அப்போது கிட்டுசாமி என்ன செய்தான் என்று தேடி அலையக்கூடாது, அதனால் விளக்கமாகவே எழுதி வைக்கிறேன்.

சூலூருக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு நூல் மில். அதன் லாரி நிறுத்தும் தளத்தில் ஆரஞ்சு நிறக் கோன்களை நட்டு வளைந்து வளைந்து வழி போடுவோம். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும், போட்டி கடிகாரத்தோடு. ஆளுக்கு மூன்று ஓட்டம், அதில் சிறந்தது கணக்கு. ஒரு கோனைத் தட்டினால் இரண்டு நொடி தண்டம்.

நானும் என் மச்சினன் லோகுவும் ஒரே காரை ஓட்டுகிறோம். எண்ணூறு சிசி, சிவப்பு. ஒரு காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டலாம் என்பது கிளப் வழக்கம். நான் முதலில், அவன் அடுத்து. வீட்டு மாப்பிள்ளைக்குத்தானே முதல் இலை?

லோகு நல்ல பையன், ஆனால் அவசரக்காரன். இன்றைக்கும் வழக்கம்போல வேகமாக வந்த ஓட்டத்தில் கடைசிக் கோனைச் சாய்த்துவிட்டான். அந்தக் கோனுக்கும் அவனுக்கும் ஜென்மப் பகை. கிளம்புவதற்கு முன்னால் மட்டும் "மாமா, உங்க டைம் எவ்வளவுங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். என்னை எட்டிப் பிடிக்கும் ஆசை. இருக்கட்டும், ஆசைப்படுவதில் தப்பில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், நாங்கள் கிளப்பில் சேர்ந்து ஓடிய முதல் பந்தயத்தில் மட்டும் அவன் என்னை முந்தினான். புது ஆளின் அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு ஒருமுறைகூட இல்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

பட்டறையில் பம்பு வார்ப்பு நான்கு உருப்படி ஓட்டையோடு வந்திருக்கிறது. ஃபவுண்டரிக்காரனைக் கூப்பிட்டுக் கத்தினேன். தொண்டை கட்டிக்கொண்டது.

சாயங்காலம் கிளப் வாட்ஸ்அப்பில் பல் டாக்டர் மகுடேஸ்வரன் ஒரு குண்டு போட்டிருக்கிறார். சின்ன கார் வகுப்பின் இண்டெக்ஸை ஏற்ற வேண்டுமாம்.

அக்டோபர் 13, ஞாயிறு

இண்டெக்ஸ் என்றால் என்ன என்று வசந்தாமணி கேட்டாள். இருபது வருடம் பம்புக்காரனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது புரியாதா என்று சொல்லிக் கொடுத்தேன். பெரிய காரும் சின்ன காரும் ஒரே களத்தில் ஓடினால் பெரியதுதான் முந்தும். அதனால் ஓடிய நேரத்தை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். டாக்டரின் டர்போ காருக்கு 1, அதாவது சலுகை கிடையாது. எங்கள் வகுப்புக்கு 0.82. நான் ஐம்பது நொடியில் வந்தால் கணக்குக்கு நாற்பத்தொன்று. டாக்டர் நாற்பத்தொன்றேகாலில் வந்தால் என்னிடம் தோற்றார்.

அவர் தோற்றுக்கொண்டேதான் இருக்கிறார். அதனால் 0.82 சலுகை ரொம்ப அதிகம், 0.84 ஆக்குங்கள் என்கிறார். ஆக்கினால் என் நாற்பத்தொன்று நாற்பத்திரண்டாகிவிடும், நான் அவருக்குப் பின்னால் போய்விடுவேன். போன இரண்டு வருடமும் சுழற்கோப்பை எங்கள் வீட்டு ஷோகேஸில்தான் இருக்கிறது. மூன்றாவது முறையும் எடுத்தால் வீட்டோடு நின்றுவிடும், திருப்பித் தர வேண்டியதில்லை. டிசம்பரில் கடைசிப் பந்தயம், இரட்டைப் புள்ளி. அதில் நான் டாக்டருக்கு முன்னால் வந்தால் கோப்பை எனக்கு, அவர் எனக்கு முன்னால் வந்தால் அவருக்கு. மனிதர் ஏன் இப்போது இண்டெக்ஸைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார் என்று இதற்கு மேலும் விளக்க வேண்டுமா?

என்னிடம் துருப்புச் சீட்டு இருக்கிறது: லோகு. அதே கார், அதே டயர், அதே பெட்ரோல். நான் முதலிடம், அவன் பதினோராவது. காருக்கு வேகம் இருந்தால் அவனும் மேலே வந்திருக்க வேண்டுமே? ஆக, வேகம் காரில் இல்லை, ஓட்டுகிற ஆளிடம் இருக்கிறது. ஆள் நன்றாக ஓட்டினால் காரைத் தண்டிப்பது என்ன நியாயம்?

மத்தியானம் லோகு வந்திருந்தான். திருப்பூரில் பனியன் லேபிள் அச்சடிக்கிறான். கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன் என்றதும் அவன் முகம் சுண்டிப் போனது.

"என்னைய எதுக்குங்க மாமா நடுவுல இழுக்கறீங்க?"

"நீ மெதுவா ஓட்டறதுதாண்டா நமக்குச் சாட்சி."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா ரசத்தைப் பார்த்தாள். பாவம், நாலு பேர் முன்னால் தன்னைக் குறைவாகச் சொல்வார்களே என்று கூச்சம். தன்மானம் உள்ள பையன்.

அக்டோபர் 20, ஞாயிறு

கமிட்டிக் கூட்டம். நான் எழுந்து பேசியதில் கூடம் அசந்துவிட்டது. "காரா, ஆளா?" என்று கேட்டு நிறுத்தினேன். எங்கள் வகுப்பின் மற்ற மூன்று பேரும் கை தட்டினார்கள். அவர்கள் பட்டியலின் வாலில் கிடப்பவர்கள், இண்டெக்ஸ் ஏறினால் வாலும் போய்விடும்.

அப்போது மிருதுளா எழுந்தாள். கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக் கொடுக்கும் பெண், கிளப்பில் நேரக் கணக்கு அவள் பொறுப்பு.

"சார் கேக்கறது சரியான கேள்விதாங்க. ஆனா கோன் தட்டறது காரோட தப்பில்லீங்களே, ஓட்டறவங்க தப்பு. காரோட வேகத்தப் பாக்கணும்னா தண்டத்தக் கழிச்சுட்டுத்தான் பாக்கணும்."

கழித்துவிட்டுப் படித்தாள். நான்கு பந்தயத்திலும் தண்டம் இல்லாமல் பார்த்தால் லோகுவின் நேரம் என்னுடையதைவிடக் குறைவு. ஒன்றில் ஒரு நொடிக்கும் மேலே.

டாக்டர் விடுவாரா? "பாத்தீங்களா? ரெண்டு பேருமே வேகந்தான். அப்ப காருதானுங்களே வேகம்!"

டயர் சூடு என்றேன் உடனே. நான் முதலில் ஓட்டுகிறேன், குளிர்ந்த டயர் வழுக்கும். நான் ஓட்டிச் சூடாக்கி வைத்த டயரில் அவன் ஓட்டுகிறான், பிடிமானம் ஜாஸ்தி. இது பந்தயம் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப வரிசைய மாத்தி ஓட்டிக் காட்டுங்களேன்," என்றார் டாக்டர்.

"மாத்தறனுங்க. அதுமட்டுமில்ல, உங்க 0.84ஐக் கடைசிப் பந்தயத்துக்கே போடுங்க. அதுலயும் ஜெயிச்சுக் காட்டறேன். அப்பவாச்சும் காரில்ல, ஆளுன்னு ஒத்துக்குவீங்களா?"

ஒத்துக்கொண்டார்கள். தீர்மானமே போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் வசந்தாமணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. தம்பிய எதுக்குங்க முன்னாடி ஓட்டச் சொல்லறீங்க?"

"ஏன், ஓட்டுனா என்ன?"

"ஒன்னுமில்லீங்க."

கொல்லைப்புறத்தில் நின்று ரொம்ப நேரம் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கை கழுவப் போனதும் தக்காளி விலைக்கு வந்துவிட்டாள்.

அக்டோபர் 21, திங்கள்

டயர் சூடுதான். வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 26, சனி

ஜூலைப் பந்தயத்தை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு என் கார் மழைத் தண்ணீரில் சுற்றிப் பின்னால் திரும்பி நின்றது. இரண்டாவதாக வந்த பந்தயம் அதுதான். லோகு அன்றைக்கு மட்டும் ஒரே ஓட்டத்தில் நான்கு கோன்களைச் சாய்த்தான். எனக்கு எவ்வளவு சரியில்லையோ அவனுக்கு அதற்கு மேல் சரியில்லை. ஒரே கார், ஒரே மழை, அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 10, ஞாயிறு

காருக்கு ஆயில் மாற்றினேன், பிரேக் பட்டை மாற்றினேன். பின்சீட்டுக்கு அடியில் தீபாவளி முறுக்கு ஒன்று கிடைத்தது. இன்னும் மொறுமொறுப்பாக இருந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

கிளப்பில் யாரோ பழைய வீடியோக்களை வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது பார்த்தேன். அக்டோபர் பந்தயம், லோகுவின் மூன்றாவது ஓட்டம்.

அழகாக ஓட்டுகிறான். அதை எழுதத்தான் வேண்டும். ஒரு வளைவில் இருந்து அடுத்த வளைவுக்கு அவசரமே இல்லாமல் போகிறான். கடைசிக் கோன் வருகிறது. சக்கரம் நேராக இருக்கிறது, வழி திறந்து கிடக்கிறது. அப்புறம் கார் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், இடது பக்கம் சாய்ந்து கோனைத் தொட்டுவிட்டு மறுபடி நேராகிறது. கூட்டத்தில் கைக்குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போவோமே, அப்படி.

கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். செப்டம்பர் வீடியோவைப் பார்த்தேன். அதிலும் தூசி. ஆகஸ்டிலும் தூசி.

சாம்பார் ஆறிப்போனது. போனை வசந்தாமணியின் முன்னால் நீட்டினேன்.

"இத நீ சொன்னியா அவங்கிட்ட?"

மறைப்பாள் என்று நினைத்தேன். அவள் என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஆமாங்க. நாந்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

"மொதப் பந்தயத்துல அவன் உங்களத் தோக்கடிச்சான். அடுத்த வாரம் அவம் புள்ளைக்குக் காதுகுத்து. நீங்க வந்தீங்களா? வூட்டு மாப்பிள்ளையக் காணமேன்னு ஒறம்பரை சொந்தமெல்லாம் கேட்டாங்க. காச்சல்னு சொன்னேன்."

"எனக்கு நெசமாவே காச்சல்."

"நான் வந்து பாக்கறப்ப நாலு புரோட்டா பார்சல் பிரிச்சுக் கெடந்துச்சுங்க. காச்சல்காரரு தின்னதா அது? ஆறு மாசம் அவன்கிட்டப் பேசல நீங்க. எங்கம்மா போன் பண்ணுனா எந்திரிச்சு வெளிய போனீங்க. ஒரு காரு வந்து எனக்கும் எங்க அம்மா வூட்டுக்கும் நடுவுல நிக்குது, நான் என்ன பண்ணட்டும்? லோகு, உனக்குக் கப்பு வேணுமா அக்கா வேணுமான்னு கேட்டேன். கோனத் தட்டிக்கறேன் அக்கான்னு சொல்லிப்போட்டான்."

காய்ச்சல் உண்மைதான். நூறு டிகிரி இருந்தது. புரோட்டா அதற்கு முந்தின நாள் வாங்கியது.

அவமானமாக இருந்தது. கோபம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அது கோபம் இல்லை. ஷோகேஸில் இரண்டு வருடமாக நான் துடைத்துத் துடைத்து வைத்த கோப்பை, ஒரு தம்பி தன் அக்காவுக்காகப் போட்ட சீர். அதை எடுத்துக்கொண்டு நான் ஊரெல்லாம் காட்டியிருக்கிறேன்.

நவம்பர் 18, திங்கள்

திருப்பூருக்குப் போனேன். லோகு அச்சு மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"மாமா, அக்காவத் திட்டாதீங்க."

"உங்கக்காவ யாரு திட்டறது? டிசம்பர் எட்டாம் தேதி நீ மொதல்ல ஓட்டற. கோனத் தொட்டேன்னு வெச்சுக்க, இனி உன் வூட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

பயந்துவிட்டான். மாப்பிள்ளை கை நனைக்காவிட்டால் அவன் அம்மா ஊரைக் கூட்டிவிடுவாள்.

"நெசமாவே ஓட்டட்டுங்களா மாமா?"

"ஓட்டு. நானும் ஓட்டறேன். என்னைய என்னன்னு நெனச்ச?"

திரும்பி வரும் வழியில் அவினாசியில் டீ குடித்தேன். தெம்பாகவே இருந்தது. எதிரில் யாரும் இல்லாததால் நான் இத்தனை நாள் முழு வேகத்தில் ஓட்டவே இல்லை, அதுதான் உண்மை. இப்போது எதிரில் ஆள் இருக்கிறான். பார்த்துவிடலாம்.

டிசம்பர் 7, சனி

டயரில் காற்று பார்த்தாயிற்று. வசந்தாமணி இரண்டு பேருக்கும் சேர்த்துப் புளிசாதம் கட்டுகிறாள். யாருக்காக வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். காருக்காக என்றாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

வெயில், காற்று இல்லை, தளம் காய்ந்து கிடந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

லோகு முதலில் ஏறினான். இன்றைக்கு "உங்க டைம் எவ்வளவுங்க" என்று கேட்க என் நேரம் எதுவும் பலகையில் இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான், நான் தலையை ஆட்டினேன். குளிர்ந்த டயர். இரண்டாவது ஓட்டத்திலேயே 48.8. கடைசிக் கோனுக்கும் காருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம் விட்டு, தொடாமல் போனான். கோன் அப்படியே நின்றது. அது நிற்பதை முதல்முறையாகப் பார்க்கிறேன்.

0.84 போட்டும் அவன் கணக்கு 41க்குள் வந்துவிட்டது. டாக்டரின் சிறந்த நேரம் 41.3. டாக்டர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு லோகுவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குச் சூடான டயர். முதல் ஓட்டம் ஐம்பதைத் தாண்டியது. இரண்டாவது 49.9, கணக்குக்கு ஏறத்தாழ நாற்பத்திரண்டு, போதாது. மூன்றாவதில் எல்லாவற்றையும் போட்டேன். என் ஆயுளில் அப்படி ஓட்டியதில்லை. கடைசி வளைவில் இருந்து வெளியே வரும்போது கார் ஒரு சாண் அதிகமாக அகன்றது. டொக்கென்று ஒரு சத்தம்.

பலகையில் 49.1. பக்கத்தில் கூட்டல் இரண்டு.

கோன் தட்டாமல் இருந்திருந்தால் டாக்டரை ஒரு மயிரிழையில் முந்தியிருப்பேன், கோப்பை வீட்டோடு நின்றிருக்கும். அந்தக் கோனை எங்கள் காரில் தெரியாமல் தட்டிய முதல் ஆள் நான்தான். காரை விட்டு இறங்கவே பிடிக்கவில்லை. அழுகை வந்தது என்று எழுதினால் கிளப் வரலாற்றுக்கு நன்றாக இருக்காது, ஆனால் வந்தது.

கதவைத் திறந்தது லோகு. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். குடித்துவிட்டு, "அந்த எடத்துல எங்கடா பிரேக் அடிக்கற?" என்று கேட்டேன்.

"அங்க அடிக்கறதில்லீங்க மாமா. அதுக்கு முன்னாடி வளைவுலயே அடிச்சு முடிச்சர்றேன்."

மூன்று வருடமாக ஒரே காரை ஓட்டுகிறோம். இந்த ஒரு கேள்வியை இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறேன்.

டிசம்பர் 9, திங்கள்

கோப்பையைத் துடைத்து, டாக்டர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். காபி கொடுத்தார். என் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறதாம்.

டிசம்பர் 15, ஞாயிறு

பொதுக்குழு. அடுத்த வருட இண்டெக்ஸ்.

கோப்பை கிடைத்த பிறகும் டாக்டர் அடங்கவில்லை. 0.84 போட்டும் அன்றைய முதலிடம் சின்ன காருக்குத்தானே போனது, அதனால் 0.86 ஆக்க வேண்டும் என்றார். மிருதுளா கணக்கைப் பார்த்துக்கொண்டு தயங்கினாள். எங்கள் வகுப்பின் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். லோகு நாற்காலிக்குள் குறுகி உட்கார்ந்திருந்தான். என்னால்தானே என்று நினைத்திருப்பான், மறுபடியும் கோனைத் தேடிப் போய்விடுவான்.

எழுந்தேன்.

"டாக்டர், அன்னிக்கு நான் கேட்டதையே இன்னிக்கும் கேக்கறனுங்க. காரா, ஆளா? அதே காரு. அதே டயரு, அதுவும் சூடா. ரெண்டு வருசம் கப்பு வாங்குன ஆளு நான், உசுரக் குடுத்து ஓட்டுனேன். லோகு டைமுக்குக் கிட்டப் போக முடியல. காருக்கு அந்த வேகம் இருந்திருந்தா என்னையும் தூக்கிட்டுப் போயிருக்கோணுமில்லீங்களா?"

"நீங்களும் மத்த மூணு பேர விட வேகந்தானுங்களே, கிட்டுசாமி?"

சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான், ஆனால் அதைச் சொல்ல இந்த வாய் பழகியதே இல்லை.

"நான் சுமாரா ஓட்டறவனுங்க. அவங்க என்னைய விடச் சுமாரு. காரு எல்லாத்துக்கும் ஒன்னுதான். நல்லா ஓட்டறவன் எங்க மச்சினன். மூணு வருசமா நல்லாத்தான் ஓட்டிட்டிருந்தான், நாந்தான் கவனிக்கல. ஒருத்தன் நல்லா ஓட்டறான்னு காரத் தண்டிக்காதீங்க. சந்தேகமிருந்தா என்னையச் சாட்சிக்கு வெச்சுக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் தன் தீர்மானத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். 0.84 அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும்தான், அடுத்த வருடம் மறுபடியும் 0.82. நான் எழுப்பிய வாதம், நானே ஜெயித்தேன். ஆள் மட்டும்தான் வேறு.

மத்தியானம் மாமியார் வீட்டில் சாப்பாடு. முதல் இலை எனக்குத்தான் போட்டார்கள், மறுக்காமல் உட்கார்ந்தேன். இலை விஷயத்தில் மரியாதையை விட்டுக்கொடுப்பதாக இல்லை. வசந்தாமணி பரிமாறும்போது எனக்கு மட்டும் இரண்டாவது வடையைக் கேட்காமலேயே வைத்தாள்.

ஜனவரிப் பந்தயத்தில் லோகு முதலில் ஓட்டட்டும், டயரைச் சூடாக்கி என்னிடம் கொடுக்கட்டும். அவனைப் பிடித்துவிடுவேன், எனக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்ச நாள் ஆகும். டாக்டரோடு போட்டி என்றால் 0.82 என்று ஒரு கைத்தடி உண்டு. அவனோடு போட்டி என்றால் ஒன்றும் கிடையாது, ஒரே கார், ஒரே எண். எனக்கென்று இருந்தது அந்த இரண்டு நொடிதான். அதையும் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.